துரின் நகரில் பறந்த கொடி

சரித்திரம் என்றவுடன் முடி சூடிய மன்னர்களும் மோதிய படைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. பள்ளியில் நாம் கற்றதும் அதுவே. ஆனால் ஒரு சிறிய நாட்டின் சரித்திரம் சில வேளைகளில் சைக்கிளின் மீதேறி வருவதும் உண்டு. அத்தகைய ஒரு நாளைப் பற்றி, நம் சங்கத்து அன்பர்களுக்கு இம்மலரின் வாயிலாகச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

அந்நாள் 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 ஆம் தேதி. இடம், இத்தாலியின் துரின் நகரம். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற ‘தூர் தெ பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் அவ்வாண்டு இத்தாலியில் தொடங்கிற்று. இருபத்தொரு கட்டங்கள்; ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர்; மூன்று வாரங்கள். மூன்றாம் கட்டத்தின் முடிவில், வீரர்கள் திரளாகப் பாய்ந்து வந்த வேளையில், எரித்திரியா நாட்டு இளைஞர் பினியம் கிர்மாய் எல்லோரையும் முந்திக் கோட்டைக் கடந்தார். 1903 இல் தோன்றிய அப்பந்தயத்தில், கறுப்பு ஆப்பிரிக்கர் ஒருவர் ஒரு கட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

எரித்திரியா எங்கே உள்ளது என்று சிலர் கேட்கக்கூடும். செங்கடலின் மேற்குக் கரையில், ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் பகுதியில் அமைந்த நாடு அது. 1890 முதல் 1941 வரை இத்தாலியரின் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியை முறியடித்த கெரென் போரில் நம் இந்தியப் படையின் நான்காம், ஐந்தாம் டிவிஷன்கள் மலைச்சரிவுகளில் போரிட்டு உயிர் கொடுத்தன. ஆகவே அம்மண் நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

சைக்கிளை அந்நாட்டிற்குக் கொண்டு வந்தவர்கள் இத்தாலியரே. தலைநகர் அஸ்மாரா கடல் மட்டத்திற்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மஸ்ஸாவா துறைமுகத்திற்கு இறங்கும் மலைப்பாதை, ஏறுவோரின் நெஞ்சுரத்தைச் சோதிப்பது. இத்தாலியர் அங்கே பந்தயங்கள் நடத்தினர். ஆனால் தம்முடன் சமமாக ஓட்டும் உரிமையை மண்ணின் மைந்தர்க்கு மறுத்தனர். 1939 இல் மட்டும் இரு சாராரையும் சேர்த்து ஒரு பந்தயம் வைத்தனர். அதில் வென்றவர் கெப்ரெமரியம் கெப்ரு என்னும் எரித்திரியர்! எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே இத்தாலியின் வீதியில், அந்நாட்டு மன்னர் குலத்தின் பழைய தலைநகரில், மற்றோர் எரித்திரியர் உலக வீரர்களையே வென்று காட்டினார். சரித்திரம் தன் கணக்கைத் தீர்க்கும் விதம் இதுதான் போலும்.

இரயில்வே ஊழியனாகிய எனக்கு அந்நாட்டின் மற்றொரு செய்தியும் நெஞ்சைத் தொடுகிறது. மஸ்ஸாவாவிலிருந்து அஸ்மாராவிற்கு 118 கிலோமீட்டர் நீளமுள்ள மலை இரயில் பாதை 1911 இல் அமைந்தது. நம் மீட்டர் கேஜைக் காட்டிலும் சற்றே குறுகியது. விடுதலைப் போர்க் காலத்தில் அப்பாதை நின்றுபோயிற்று; தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டன. 1993 இல் நாடு சுதந்திரம் பெற்றபின், ஓய்வு பெற்ற முதிய தொழிலாளர்களே திரும்ப வந்து அப்பாதையைச் செப்பனிட்டனர். இத்தகைய மக்களிடையே ஒரு விளையாட்டும் அழியாது நின்றதில் வியப்பில்லை.

பினியம் 2000 ஆம் ஆண்டில் அஸ்மாராவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். எரித்திரியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘கிர்மாய்’ என்பது அவருடைய தந்தையின் பெயர். ஐரோப்பிய வர்ணனையாளர்கள் தந்தையின் பெயராலேயே மகனை அழைக்கிறார்கள்! வடநாட்டு அலுவலகங்களில் ‘சர்நேம்’ என்ன என்று கேட்கப்பட்டு, அப்பா பெயரை எழுதிக் கொடுத்து, பின்பு வாழ்நாள் முழுதும் அப்பா பெயராலேயே அழைக்கப்படும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் வளர்ச்சி எளிதாக வந்ததன்று. 2022 மார்ச்சில் பெல்ஜியத்தின் கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தை வென்றார். அவ்வாண்டு மே மாதம் இத்தாலியப் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்று மேடையேறியபோது, மதுப்புட்டியின் தக்கை தெறித்துக் கண்ணில் பட, பந்தயத்தையே விட்டு விலக நேர்ந்தது. வெற்றி மேடையிலேயே வந்த விபத்து! ஆயினும் அவர் மனம் தளரவில்லை.

துரினுக்குப் பின் 2024 பந்தயத்தில் மேலும் இரு கட்டங்களை வென்றார். கட்ட முடிவுகளில் பெறும் புள்ளிகளுக்காக அளிக்கப்படுவது பச்சைச் சட்டை. பதினாறாம் கட்டத்தில் நீம் நகரை நெருங்கும்போது கீழே விழுந்து காயமுற்றும், மறுநாள் மீண்டும் சைக்கிள் ஏறினார். ஜூலை 21 அன்று நீஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது பச்சைச் சட்டை அவர் தோளிலேயே இருந்தது. ஆப்பிரிக்கர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதல் முறை.

அவரைக் காண வந்தவர்களைத் தொலைக்காட்சியில் கண்டபோது என் கண்கள் கசிந்தன. ஐரோப்பிய நகரங்களில் பிழைப்புத் தேடிக் குடியேறிய எரித்திரியர்கள், குழந்தை குட்டிகளோடு சாலையோரத்தில் பல மணி நேரம் காத்து நின்றனர். அவர் அவர்களைக் கடந்து செல்வது சில நொடிப் பொழுதே. அதற்காகக் கொடியைப் பிடித்து ஆடினர், பாடினர். அக்குழந்தைகளுள் பலர் பிறந்த மண்ணையே பார்த்திராதவர்களாக இருக்கலாம். ஆயினும் அந்த நொடியில் தாம் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. ஊரை விட்டு வந்தவர்க்கு இதைவிடப் பெரிய பரிசு எது?

இந்த மகிழ்ச்சியில் ஒன்றை மறக்கலாகாது. 2015 இல் இதே பந்தயத்தில், மலையேற்றத்திற்குரிய சிவப்புப் புள்ளிச் சட்டையைச் சில நாட்கள் அணிந்தவர் டேனியல் தெக்லேஹைமனோத் என்னும் எரித்திரியர். அவர் எந்தக் கட்டத்தையும் வெல்லவில்லை; ஆனால் அஸ்மாராச் சிறுவர்களுக்கு அந்தச் சட்டை எட்டாக்கனி அன்று என்று காட்டினார். 1939 இல் கெப்ரெமரியம் முதற் கதவைத் தட்டினார். டேனியல் அதைச் சற்றே திறந்தார். பினியம் உள்ளே நடந்தார்.

நம் சங்கத்தின் கதையும் வேறன்று. இன்று மேடையில் பாடும் நம் பிள்ளைகளைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். காலனிக் குவார்ட்டர்ஸ் திண்ணையில் நாலு பேராகக் கூடி, மாதச் சம்பளத்தில் சந்தா எடுத்து இச்சங்கத்தைத் தொடங்கியவர்கள் பலர் இன்று இல்லை. வெற்றி பெற்றவரைப் போற்றும் போது வழி வகுத்தவரையும் நினைப்போமாக. பச்சைச் சட்டை ஒருவர் தோளில்தான் இருக்கும். அதை நெய்த கைகள் பல.