தவணையில் வந்த தரை

துறைமுகத்துல மூட்டை தூக்குனவங்ககிட்ட சம்பளச் சீட்டு ஏது? வங்கிக் கடன் எட்டாக்கனிதான். 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி கட்டியது. 1977இல் உலக வங்கிக் கடனோடு இன்னொரு வழி: வடசென்னையின் கொடுங்கையூரிலும் வில்லிவாக்கம், அரும்பாக்கத்திலும் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்தது. சாலை, தண்ணீர், சாக்கடை அரசு போடும். சுவரை நாமதான் எழுப்பிக்கணும். பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, ஏழைகளின் சின்ன மனைக்கு விலையைக் குறைத்தார்கள். பணத்தைத் தவணையில் கட்டலாம்.

ஆனா, கடைசித் தவணைக்குப் பிறகுதான் கிரயப் பத்திரம். நடுவுல ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, அடமானம் வைக்கக் காகிதம் கிடையாது. 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும், சொந்தமாகக் கட்டிக்கொள்ள மானியம் வேணும்னா, மனை உங்களுதுன்னு காட்டணும். காசுக்கு முன்னால காகிதம். அது இல்லாதவங்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை.