செங்கடலில் பார்வோன் படை மூழ்குதல் (அச்சோவியம்)

செங்கடலில் பார்வோன் படை மூழ்குதல் என்பது வெனிசு நகரைச் சேர்ந்த மறுமலர்ச்சிக் கால ஓவியர் டிஷியன் வடிவமைத்த மரச்செதுக்கு அச்சோவியம் ஆகும். இது 12 மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு, 12 தாள்களில் அச்சிடப்பட்டது. தாள்களைச் சேர்த்து ஒட்டினால் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமும் 2.2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே காட்சி கிடைக்கும். புத்தகத்தில் வைத்துப் பார்ப்பதற்காக அல்லாமல், சுவரோவியம் போலச் சுவரில் ஒட்டுவதற்காகவே இது உருவாக்கப்பட்டது.

காட்சி

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) நூலின் 14ஆம் அதிகாரம் இதன் கருப்பொருள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய இசுரயேலர் பிளந்த கடலைக் கடந்து கரையேறுகின்றனர். துரத்தி வந்த பார்வோனின் படைமீது கடல் மீண்டும் மூடிக்கொள்கிறது. படத்தின் வலப்புறக் கரையில் மோசே கோலை நீட்டி நிற்கிறார். பெரும் பரப்பைக் கடல் பிடித்துக்கொள்ள, அலைகளுக்கிடையே குதிரைகளும் வீரர்களும் தத்தளிக்கின்றனர். அவ்வீரர்கள் பழங்கால எகிப்தியர் போல் இல்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரரின் கவசமும் ஈட்டியும் கொண்டுள்ளனர்.

வரலாற்றுப் பின்னணி

1508ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யூலியு, பேரரசர் மாக்சிமிலியன், பிரான்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி, அரகோன் மன்னர் பெர்டினாண்டு ஆகியோர் வெனிசுக்கு எதிராகக் காம்ப்ரே கூட்டணியில் இணைந்தனர். 1509 மே மாதம் அஞ்ஞாதெல்லோ போரில் வெனிசு படுதோல்வி அடைந்து, தன் நிலப்பகுதிகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. 1513இல் எதிரிப்படை கடற்காயலின் கரையிலுள்ள மெசுத்ரே வரை வந்தது. ஆயினும் நீர் சூழ்ந்த நகருக்குள் நுழைய முடியவில்லை.

இச்சூழலில் 1515இல் பெர்னார்தினோ பெனாலியோ என்ற பதிப்பாளர், பார்வோன் மூழ்கும் காட்சி உள்ளிட்ட அச்சோவியங்களைப் பிறர் நகலெடுக்காதிருக்க வெனிசு ஆட்சி மன்றத்திடம் காப்புரிமை கோரினார். கடலே தங்களைக் காத்தது என்று நம்பிய வெனிசு மக்கள், இப்படத்தில் தங்கள் கதையையும் கண்டிருப்பர் என வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

ஆக்கமுறை

மரச்செதுக்கில் ஓவியரின் கோடுகள் மட்டும் மேடாக நிற்குமாறு சுற்றியுள்ள மரம் செதுக்கி நீக்கப்படும். மேடான பகுதியில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். ஒரு கோடு உடைந்தாலும் அச்சில் வெண்ணிற இடைவெளி தெரியும். தாள்களின் விளிம்பில் அலைக்கோடுகள் பிசகின்றிச் சேரவும் வேண்டும். டிஷியன் தூரிகையின் ஓட்டம் போன்ற நீண்ட, வளைந்த கோடுகளால் கொந்தளிப்பைக் காட்டியதால் செதுக்குவோரின் வேலை மேலும் கடினமானது.

1549 பதிப்பு

இன்று அறியப்படும் படிகளில் பெரும்பாலானவை, 1549இல் தொமேனிகோ தல்லே கிரேக்கே என்ற ஓவியர் வெனிசில் வெளியிட்ட பதிப்பைச் சார்ந்தவை. இதைப் வரைந்தவர் டிஷியன் என்று அப்பதிப்பிலுள்ள எழுத்துப் பட்டயம் தெரிவிக்கிறது. சுவரில் ஒட்டிய தாள் ஈரத்திலும் புழுதியிலும் எளிதில் அழியும் என்பதால் முழுமையான படிகள் அரியவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஒரு படி பாதுகாக்கப்படுகிறது.