பம்பர் உயரத்தில் ஒரு வெளிச்சம்

வெள்ளறடை, பனச்சமூடு, ஆறுகாணி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலை விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம்; பட்டையைக் கீறியதும் நன்றாக வடியும். பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நகர்வார்கள். கீழே ரோட்டில் நின்று பார்த்தால் சரிவெங்கும் சின்னச்சின்ன வெளிச்சப் பொட்டுகள் ஏறி இறங்கும். அந்த விளக்கு வெகுதூரம் காட்டாது. காட்ட வேண்டியதும் இல்லை. கத்தி பதியும் இடம், பால் சொட்டும் சிரட்டை, அடுத்த மரத்துக்குப் போக நாலு எட்டு வழி. அது தெரிந்தால் போதும்.

அதே சரிவில் ஏறும் ஜீப்பின் முகத்தில் கூடுதலாக விளக்கு மாட்டுகிறவருக்கும் கேள்வி இதுதான்: வெளிச்சம் எங்கே விழவேண்டும்? கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் பழைய நெய்யாற்றின்கரை தாலுகாவின் மலையோரத்துக்கும் இடையே, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. சில விடைகள் நல்லவை. சில விடைகள் எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கியவை.

முதல் விடை சூட்டு. காய்ந்த தென்னையோலையைக் கற்றையாக இறுக்கிக் கட்டி, நுனியில் தீ வைத்த பந்தம். தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் இந்தப் பகுதியில் அதைச் சூட்டு என்றே சொல்வார்கள். நடக்கும்போது கையைத் தாழ்த்தி வீசினால் காற்றுப் பட்டுக் கனல் பளிச்சென்று எரியும். வீச்சை நிறுத்தினால் மங்கும். அந்த வெளிச்சம் முழங்காலுக்குக் கீழே, காலடிக்கு இரண்டு மூன்று முழம் முன்னால் விழும். வரப்பில் கிடக்கும் பாம்பும் வழியில் பெயர்ந்து கிடக்கும் கல்லும் தெரிய அது சரியான உயரம். மாட்டுவண்டிக்காரர்கள் அரிக்கேன் விளக்கை அச்சுக்கு அடியில் தொங்கவிட்டதும் இதே கணக்கில்தான். விளக்கு தாழ இருந்தால் சக்கரம் போகும் தடம் தெரியும், வண்டியோட்டியின் கண்ணும் கூசாது.

மோட்டார் வண்டி வேகத்தோடு வந்தது. வேகம் தொலைவைக் கேட்டது. திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறையை 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்துத் துறையிலிருந்து அழைத்துவரப்பட்ட சால்ட்டர் அதன் கண்காணிப்பாளர். அரசுப் பேருந்து முதலில் ஓடிய தடம் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கன்னியாகுமரிக்குப் போவது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று போகும் அந்தச் சாலை அதே காலகட்டத்தில் சிமெண்டுக் கான்கிரீட்டால் போடப்பட்டது. வெளிறிய கான்கிரீட் இரவிலும் ஹெட்லைட் வெளிச்சத்தை ஓரளவு திருப்பித் தரும். அந்தச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் கதை மாறியது. செம்மண்ணும் கல்லும் வேரும் சேர்ந்த வழிகள். மழையில் நனைந்த செம்மண் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். மத்திய திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி வந்து அம்பூரிப் பக்கம் குடியேறிய விவசாயிகள் சுமந்ததெல்லாம் இந்த வழிகளில்தான்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்தது; மலைவழிகள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. பனச்சமூட்டுச் சந்தைக்கும் பத்துகாணிக்கும் இரண்டு பக்கத்து வண்டிகளும் போய்வந்தன. இன்றும் கேஎல் 19, கேஎல் 20 வண்டிகளும் மார்த்தாண்டத்து டிஎன் 75 வண்டிகளும் ஒரே மேட்டில் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிடுகின்றன.

அந்த மேட்டுக்கு ஏற்ற வண்டி உலகப்போரில் பிறந்தது. 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பின் ஹெட்லைட்டில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கு கீலில் திரும்பி எஞ்சினைப் பார்க்கும். இரவில் வண்டி நின்றுபோனால் தனி டார்ச் வேண்டாம். அதைவிட முக்கியமானது, இடதுபக்க மட்கார்டின் மேல் வந்து உட்கார்ந்த சிறு விளக்கு. மேலே மூடாக்கு போட்ட அது, விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாமல் தரையில் மட்டும் மங்கலான ஒரு பட்டையை வீசும். ஆக, போர்க்கால ஜீப்பில் மாட்டப்பட்ட இந்தக் கூடுதல் விளக்கின் வேலை வெளிச்சத்தை அடக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் கொட்டுவது. இந்த ஒரு செய்தியை ஜீப்புக்காரர்கள் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன வண்டிகள் டிஸ்போசலில் விற்கப்பட்டன. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. கேரளத்து மலைநாட்டில் ஜீப் குடும்ப வண்டியாக, சரக்கு வண்டியாக, ஆம்புலன்சாக, கல்யாண வண்டியாக ஆனது அதற்குப் பிறகான கதை.

அந்தப் பழைய ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ட். 55 வாட் பல்பு ஒன்று 6 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியரே போதும். ஒயர் கொஞ்சம் மெலிந்தாலும் மூட்டில் கொஞ்சம் துரு பிடித்தாலும் 6 வோல்ட் வண்டியின் விளக்கு மண்ணெண்ணெய்ச் சிம்னிபோல மங்கிவிடும். இன்னொரு சிக்கல் டைனமோ. எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் அது ஒழுங்காக மின்சாரம் தரும். கல்வழியில் ஃபோர்வீல் போட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும். விளக்கு பேட்டரியைக் குடிக்கும். வெளிச்சம் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது மங்குவது ஓட்டுகிறவருக்குக் கொடுமையான அனுபவம். பின்னாளில் 12 வோல்ட்டும், மெதுவாகச் சுழன்றாலும் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் வந்த பிறகுதான் பம்பரில் இரண்டு விளக்கு சேர்ப்பது நடைமுறையில் சாத்தியமானது. 1961-இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் போன்ற தொழிற்சாலைகள் வண்டி மின்சாரச் சாமான்களை இங்கேயே செய்து தந்ததை இந்த வரலாற்றில் விட்டுவிட முடியாது. வரலாறு எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதும் அளவுக்கு ஒயரைப் பற்றி எழுதுவதில்லை. மலைவழியில் இரவில் வீடு சேர்வதற்கு இரண்டுமே வேண்டும்.

இதற்கிடையில் சமவெளிச் சாலையில் வேறு சண்டை. எதிரெதிரே வருகிறவர்கள் டிம் அடிக்காமல் போவது பழைய புகார். அதற்காக ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கம் வந்தது. கண்ணாடியின் மேல்பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசியவர்களும் உண்டு. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் சாய டப்பாவோடு நின்று பொட்டு வைத்துவிட்டதைத் தமிழ்நாட்டில் பலர் பார்த்திருப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் தவறான மருத்துவம். கண் கூசுவதற்குக் காரணம் விளக்கின் சாய்வும் கண்ணாடியின் வெட்டும். பொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்ததே தவிர, அதன் திசையை மாற்றவில்லை.

திசையை மாற்றும் வித்தை ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1962-இல் எச்1 ஹாலஜன் பல்பும் 1971-இல் ஒரே பல்புக்குள் டிம், பிரைட் இரண்டும் அடங்கிய எச்4 பல்பும் வந்தன. மஹிந்திரா ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் ஒரே 7 அங்குல வட்ட ஹெட்லைட் என்பதால், ஒன்றுக்கு வாங்கிய ஹாலஜன் விளக்கு மற்றதற்கும் பொருந்தியது. ராலிப் போட்டிக்காரர்களின் வண்டி முகத்தில் நான்கு, ஆறு விளக்குகள் வரிசைகட்டி நின்ற படங்கள் மோட்டார் இதழ்களில் வந்தன. அதில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. குறுகலாக நீண்டு பாய்வது நேர்சாலைக்கு. பரந்து, மேல்விளிம்பு வெட்டியதுபோலத் தட்டையாக விழுவது பனிக்கும் வளைவுக்கும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. பாய்கிற விளக்கை வாங்கி மலைவழியில் மாட்டினார்கள். இருபது அடிக்கு ஒரு வளைவு வரும் வழியில் அரைக் கிலோமீட்டர் பாயும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்து மரத்து உச்சியைத்தான் காட்டும்.

100 வாட் பல்பு இரண்டைப் போட்டு, ஒயரை நேராக டேஷ்போர்டு சுவிட்சுக்கு இழுத்தவர்களுக்கு அடுத்த பாடம் கிடைத்தது. 12 வோல்ட்டில் அவை இரண்டும் சேர்ந்து 17 ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும். சுவிட்ச் உருகும், ஒயர் கருகும் வாடை வரும். உருகாவிட்டாலும் மெல்லிய ஒயரில் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்தால், ஹாலஜன் வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். ரிலே இதற்கு மருந்து. சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும் செய்யும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, தடித்த ஒயரில், குறுக்குவழியில் விளக்குக்குப் போகும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைக் கைப்பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குவதும் அந்தக் கைப்பழக்கத்தில் சேர்ந்ததே. இடவப்பாதியும் துலா மழையும் இரண்டுமே பெய்யும் மண் இது. எர்த் மூட்டில் துரு பிடித்தால் எவ்வளவு விலைகூடிய விளக்கும் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும்.

மலையில் மஞ்சு இறங்கும் விடியற்காலைகளுக்கு மஞ்சள் விளக்குதான் என்று ஒரு நம்பிக்கை உறுதியாக நிற்கிறது. பிரான்ஸ் நாடு 1930களின் இறுதியிலிருந்து 1993 வரை எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட்டையே சட்டமாக வைத்திருந்தது. நம்பிக்கைக்கு அந்தப் பெருமையும் உண்டு. ஆனால் மூடுபனியின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. மஞ்சளையும் வெள்ளையையும் அது ஏறக்குறைய ஒரேபோலத்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், பனியைத் துளைப்பதில்லை. பனியில் உதவுவது விளக்கு இருக்கும் உயரம். கண்மட்டத்தில் இருந்து வீசும் வெளிச்சம் பனியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி வரும். பம்பருக்குக் கீழே, பரந்த தட்டையாக வீசும் வெளிச்சம் பனிக்கு அடியில் நுழைந்து ரோட்டின் விளிம்பைக் காட்டும். சூட்டைத் தாழ்த்தி வீசி நடந்த தாத்தாக்கள் இதைக் கண்டிருந்தார்கள்.

பிறகு எல்இடி வந்தது. நீல ஒளி தரும் டையோடைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெள்ளை எல்இடி அந்த நீலத்திலிருந்து பிறந்தது. ஹாலஜன் ஒரு வாட்டுக்கு 20, 25 லூமன் தரும் இடத்தில் எல்இடி நூறைத் தாண்டும். ஓடை கடக்கும்போது சூடான ஹாலஜன் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டு விரிசல் விழும் தொல்லையும் பெரிதும் குறைந்தது. பேட்டரிக்குச் சுமை குறைந்தது, அதிர்வில் இழை அறுவது நின்றது. மலை ஜீப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு இதுவரை வந்ததில்லை. ஆனால் மலிவாகக் கிடைத்த நீளமான எல்இடி பார்கள் கூரையின் மேல் ஏறின. அங்கிருந்து விழும் வெளிச்சம் முதலில் பானெட்டில் பட்டு ஓட்டுகிறவரின் கண்ணில் அடிக்கிறது. மழையில் முன்கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டுகிறது. களியக்காவிளை ரோட்டில் அதை எரியவிட்டு வருகிறவர் எதிரே சைக்கிளில் வருகிற ஒரு மனிதரைச் சில விநாடிகள் முழுக் குருடாக்குகிறார். இதை மன்னிக்க முடியாது.

சட்டம் இதைப் பற்றி நீண்டகாலமாகவே பேசிவருகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில் வந்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்றது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து மோதி 9 பேர் இறந்த பிறகு, கேரள உயர்நீதிமன்றம் சட்டவிரோத விளக்குகள் மீதும் பிடியை இறுக்கியது. விதியும் சட்டத்திருத்தமும் மத்திய அரசுடையவை. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றே. தோட்ட வழியிலும் போட்டித் தடத்திலும் எரிகிற விளக்கைப் பொதுச்சாலையில் அணைத்து மூடி போட்டு வைப்பது ஓட்டுகிறவரின் மரியாதை என்றாலும், மூடி போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை என்று விதி சொல்வதில்லை.

விளக்கை வாங்குவதும் மாட்டுவதும் ஒரு பகல் வேலை. சாய்வு பார்ப்பதற்கு மட்டும் இருட்ட வேண்டும். தரை மட்டமான இடத்தில் வண்டியைச் சுவருக்கு நேராக 25 அடி தள்ளி நிறுத்துவார்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடாகப் போட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சில அங்குலம் கீழே நிற்கும்வரை போல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்ப்பார்கள். வேலை தெரிந்தவர் அதற்கு முன் ஒன்று செய்வார். பின்னால் ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றச் சொல்வார். சரக்கு இல்லையென்றால் நாலு பேரை ஏறி உட்காரச் சொல்வார். சுமை ஏறினால் ஜீப்பின் பின்புறம் தாழ்ந்து மூக்கு நிமிரும், காலி வண்டியில் சரியாக இருந்த வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே போகும்.