கையை நீட்டினால் போதுமா?

கவுஞ்சியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: “மாருல கட்டின்னா ரத்தத்துலயே தெரிஞ்சிருமா டீச்சர்? கைய நீட்டுனா போதுமில்ல?” மார்பைக் காட்டக் கூசியே வளர்க்கப்பட்ட நம் எல்லோருடைய கேள்வி அது.

தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பிரான்சின் பியர் தெனுவா, கட்டியின் அளவு, நெறிகட்டு, பிற உறுப்புகளில் பரவல் என்ற மூன்றையும் கொண்டு நோயின் நிலையைக் கணிக்கும் முறையை வகுத்தார். 2018 முதல் அமெரிக்க முறையில், கட்டியின் திசுவில் பார்க்கும் ஹெர்2 போன்ற புரதங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன.

ரத்தத்திலும் சிஏ 15-3 என்றொரு புரதம் உண்டு. நோய் பரவிய பலருக்கு அது உயரும். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவும். ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். உரித்த பூண்டை முறத்தில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“பொம்பள டாக்டரு இருக்குற நாளு கேட்டுச் சொல்றீங்களா? நீங்களும் கூட வாங்க.”

நமக்கு முதலில் தேவைப்பட்ட பரிசோதனை அதுதான்: கூட வர ஒருத்தி.