அறுபட்ட நரம்பின் மூலஸ்தானம்

1850-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய வைத்தியர், தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்பை அறுத்து, வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைந்தழிவதைக் கண்டு அறிவித்தார். ஆயினும் வெட்டுக்கு இப்பால், அவ்விழைகளைப் பெற்ற தாயணுவுக்கு நேர்வது யாது என்ற வினா நெடுநாள் எஞ்சி நின்றது.

மாணவப் பருவத்திலேயே நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் புதுமுறை கண்ட ஜெர்மானியரான பிரான்ஸ் நிஸ்ல், 1892-இல் முயலின் முக நரம்பைப் பிடுங்கி, மூளைத்தண்டிலுள்ள அதன் அணுக்களை ஆராய்ந்து, அவற்றின் சாயமேற்கும் துகள்கள் கரைந்து மறையும் விசித்திரத்தை விவரித்தார். தண்டுவடத்தின் முன்கொம்பில் வாசம் செய்து கைகால்களை இயக்கும் பெரிய அணுக்களும், தம் இழை அறுபட்டால், அவ்வாறே மாறுதலடைந்து, வீங்கி, உட்கருவை ஓரத்துக்கு ஒதுக்குகின்றன.

1955-இல் பாலே, பலாடே என்னும் இருவர், எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால், அத்துகள்கள், புரதம் உற்பத்தியாகும் ஸ்தலங்களாகிய சவ்வு வலையும் நுண்மணிகளும் சேர்ந்த அமைப்பே என்று காட்டினர். 1968-இல் பிளின்சிங்கரும் குரோய்ட்ஸ்பெர்க்கும், காயமுற்ற அணுவின்மேல் படிந்திருந்த நரம்புச் சந்திப்புகளை நரம்பு மண்டலத்தின் காவலர்களான நுண்கிளியா அணுக்கள் விலக்குவதைக் கண்டனர்.

செய்தி கடத்தும் நித்திய கடமையைத் தளர்த்தி, இழந்த இழையை மீண்டும் வளர்க்கும் பிரயத்தனத்தில் அணு தன் சக்தியைச் செலுத்துகிறது என்பதே இவ்வாராய்ச்சிகளின் சாரம். அம்முயற்சிக்குரிய காலம் எல்லையற்றதன்று. ஆதலால், அறுந்த நரம்பைத் தாமதமின்றி இணைப்பது வைத்தியரின் தலையாய தர்மமாகும்.