கொல்லிமலையில் கேட்ட கேள்வி, கல்வராயனில் கேட்காத கேள்வி

கல்வராயன் மலையும் கொல்லிமலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இரண்டிலும் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். சாமையும் தினையும் விளைந்த காடுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி ஏறிய கதையும் இரண்டுக்கும் பொது. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு மலைக்கும் போயிருக்கிறார்கள். போன விதம்தான் வேறு.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1987-இல் தமக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசுத் தொகையைக் கொண்டு, 1988-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1990-களில் அது கொல்லிமலைக்குப் போனபோது எடுத்துக்கொண்ட சிக்கல், சிறுதானியங்களை மக்கள் ஏன் கைவிடுகிறார்கள் என்பது. வேளாண் அறிஞரைக் கேட்டால் விளைச்சல் போதவில்லை என்பார். பொருளியலாளர் மரவள்ளியின் விலையைக் காட்டுவார். இரண்டும் உண்மைதான். ஆனால் இன்னொரு காரணம் வீட்டு வாசலில் கிடந்தது.

சாமை மணி மிகச் சிறியது. உமி அதை இறுகப் பற்றியிருக்கும். உரலில் கொட்டி உலக்கையால் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி கழலாத மணிகளைப் பிரித்து மறுபடியும் உரலில் போட்டுக் குத்த வேண்டும். ஒருவேளைச் சோற்றுக்கு இவ்வளவு பாடு. பாடு முழுவதும் பெண்களுடையது. ரேஷன் அரிசி கைக்கு வந்தபின் எந்தப் பெண் இதை விரும்பிச் செய்வார்? மரபியல் அறிஞர் காப்பாற்ற நினைத்த ரகங்களின் விதி அந்த உரலில்தான் இருந்தது. வயலை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு அது பட்டிருக்காது. பெண்களின் வேலைநேரத்தைப் பார்த்தவர்களும் விதையைப் பார்த்தவர்களும் சேர்ந்து வேலை செய்ததால்தான் உமி நீக்கும் இயந்திரம், ஊர் விதை வங்கி, மகளிர் குழுக்கள் வழியாகச் சிறுதானியப் பொருள் விற்பனை என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தீர்வுகள் வந்தன. மரவள்ளி பின்வாங்கிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் காரணம் சரியாகப் பிடிபட்டது.

கல்வராயனில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள அரைப் பசுமைமாறாக் காட்டின் மரவகைகளைப் பற்றிப் புதுவைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மதிக்கத்தக்கது. மூலிகைகளை எழுதிவைத்தவர்கள் உண்டு. மக்களின் வழக்காறுகளைப் பதிந்தவர்களும் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே மலையேறித் தனித்தனியே இறங்கியவர்கள். அதனால் நிலமும் உரிமையும் யார் பார்வையிலும் படவில்லை. 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. மலைமக்களுக்கு நிலப் பட்டா கிடைக்காத சிக்கலின் வேர் அந்த ஆளுகையில் இருக்கிறது. கடுக்காயும் புளியும் எந்த மரத்தில் காய்க்கும் என்று தாவரவியல் சொல்லும். பறிக்கும் உரிமை யாருக்கு, விலை வைப்பது யார் என்பது அதன் பாடத்தில் இல்லை.

2024 ஜூனில், கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு கள்ளச்சாராயம் காய்ச்சும் இடமாகப் பேசப்பட்ட கல்வராயனின் மக்கள் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம்த் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாராயம் காய்ச்சுவதை விட்டவருக்கு அந்த மலையில் வேறென்ன பிழைப்பு? மண், காடு, நில உரிமை, சாலை, சந்தை, மருத்துவம் எல்லாம் இதில் சேர்கின்றன. பல்கலைக்கழகங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீதிமன்றம் கேட்க நேர்ந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

குறை ஆய்வாளர்களிடம் இல்லை. கொல்லிமலைக்குப் போன நிறுவனத்தில் துறைச் சுவர் இல்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்யவும் முடிந்தது. பல்கலைக்கழக மாணவருக்கோ நெறியாளர், ஆய்விதழ், பிற்பாடு வேலை எல்லாம் ஒரே துறைக்குள். பட்டம் கிடைத்ததும் மலையோடு தொடர்பு அறுகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியைப் பெரிதாகப் பேசுகிறது. இரண்டு துறைப் பெயர்களை ஓர் அட்டையில் அச்சிட்டால் அது வந்துவிடாது.

கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. அங்கே வேளாண்மை, தாவரவியல், பொருளியல், சமூகவியல் எல்லாம் உண்டு. கல்வராயனுக்கு என்று ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். அதை மலைமக்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு துறைகளிலிருந்து நெறியாளர்களைக் கொடுங்கள். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் ஓர் அறை எடுத்து, பத்தாண்டுக்காவது அதைப் பூட்டாமல் வைத்திருங்கள்.