புகையிலைத் தொழிலாளரின் பாட்டு

அறுபதுகளின் அமெரிக்க நாட்டார் இசை பற்றிய திரைப்படங்களை மட்டும் பார்ப்போர், அவ்விசை கிற்றார் ஏந்திய ஓர் இளைஞனிடத்தே பிறந்தது என்றே எண்ணுவர். 2024இல் வெளிவந்த ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ என்ற படத்துக்கு, 1965இல் நியூபோர்ட் விழாவில் பொப் டிலன் மின்கிற்றார் வாசித்ததே உச்சக்கட்டம். கோயன் சகோதரரின் ‘இன்சைட் லூவின் டேவிஸ்’ (2013) தோல்வியுற்ற பாடகனொருவனின் கதை. வென்றவனாயினும் தோற்றவனாயினும், தனிமனிதன் ஒருவனே அங்கு நாயகன்.

மறே லேர்னர் 1963 முதல் 1966 வரை அவ்விழாக்களைப் படம்பிடித்து, 1967இல் வெளியிட்ட ‘பெஸ்டிவல்’ என்ற விவரணப்படம் இவற்றினும் நேர்மையானது. அதில் டிலனும் ஜோன் பயசும் உளர். மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் போன்ற முதிய கறுப்பினக் கலைஞரும், கேட்க வந்த மக்களும் உளர்.

1963ஆம் ஆண்டு நியூபோர்ட் மேடையில் டிலன், பயஸ், பீற் சீகர் ஆகியோரும் கறுப்பின மாணவரான ‘சுதந்திரப் பாடகர்’ குழுவினரும் சேர்ந்து ‘வீ ஷல் ஓவர்கம்’ என்ற பாட்டைப் பாடினர். இப்பாட்டு அம்மேடைக்கு வந்த வழியைத் தேடினால், தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரிலுள்ள சுருட்டுத் தொழிற்சாலையொன்றின் வாயிலுக்கு நாம் போகவேண்டும். 1945 ஒக்டோபரில் அங்கு வேலைநிறுத்தம் தொடங்கிற்று. போராடியோருள் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். மாரிக்காலம் முழுதும் மறியல் நீடித்தது. லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளிப் பெண் நாள்தோறும் மறியல் முடியும் வேளையில் அப்பாட்டை இழுத்து, நிறுத்தி, மெல்லப் பாடுவார். தேவாலயத்தில் ‘நான்’ என்று பாடப்பட்டுவந்தது அங்கே ‘நாம்’ என்றாயிற்று. ஓர் எழுவாய் மாற்றந்தான். ஆனால் பசித்திருந்த பெண்களல்லவா அதைச் செய்தனர்!

டென்னசியிலிருந்த ஹைலாண்டர் தொழிலாளர் பாடசாலைக்கு வேலைநிறுத்தக்காரர் அப்பாட்டைக் கொண்டுசென்றனர். அங்கு சில்பியா ஹோட்டன் அதைக் கற்றார். அவரிடமிருந்து சீகர் பெற்றார். 1960 ஏப்ரிலில் றாலி நகரில் கூடிய கறுப்பின மாணவருக்குக் கை கரவான் அதைப் பாடிக் காட்டினார்.

சீகர் அதற்கு விலை கொடுத்தவர். 1955இல் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தம் அரசியற் கொள்கை பற்றிப் பதிலளிக்க மறுத்தார். 1961இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டார். அத்தீர்ப்பு 1962இல் தள்ளுபடியானது. இருந்தும், 1963இல் நாட்டார் இசைக்கெனவே தொடங்கிய ‘ஹூட்டனானி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு இடமில்லை.

அப்பாட்டின் பதிப்புரிமை 1960இலும் 1963இலும் ஹோட்டன், கரவான், பிராங்க் ஹமில்ரன், சீகர் ஆகிய நால்வர் பெயரில் பதியப்பட்டது. அதன் வருமானத்தை அவர்கள் தமக்கென எடுக்கவில்லை. தென்மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்கென ஒரு நிதியம் அமைத்தனர். 2018இல் வழக்கொன்றின் முடிவில் பாட்டு பொதுவுடைமையாயிற்று. லூசில் சிமன்சின் பெயர் அப்பதிவுகளில் இல்லை.